படத்தில் இருப்பதையே கீழே எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கச்சிமடத்தில் போர்டு எழுதிப் பிழைக்கிறவன் நான். கடை போர்டு, படகு நம்பர், தேர்தல் சுவர், திருவிழாப் பந்தல், பள்ளிக்கூடச் சுவரில் திருக்குறள் என்று எழுதாத இடமில்லை. ஃபிளெக்ஸ் வந்து மற்றதையெல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டது. இப்போது படகு நம்பரும், வள்ளத்தின் அணியத்தில், அதாவது முன்முனையில், எழுதுகிற சாமி பெயரும்தான் கைவசம் மிச்சம். உங்கள் பத்திரிகையைத் தினமும் டீக்கடையில் படிப்பேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் காசு கொடுத்து வாங்குவேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன வாரம் உங்கள் மாவட்டப் பக்கத்தில் இரண்டு படம் வந்தது. ஒன்று, கடற்கரை ஊர்ச் சுவர்களில் ஓவியம் தீட்டி அழகுபடுத்துகிறார்கள் என்ற செய்திக்கு. சுவரில் ஓர் ஆமை. ஆமைக்குக் கீழே 'கடல் வளம் காப்போம்' என்று எழுதியிருக்கிறது. அந்தச் சுவரைப் படம் பிடித்துப் போட்டு, அதற்குக் கீழே நீங்கள் 'கடல் வளம் காக்க விழிப்புணர்வு ஓவியம்' என்று அச்சடித்திருக்கிறீர்கள். ஒரே சேதியை மூன்று தரம் சொன்னதில் மூன்றாவது தரத்துக்கு ஆமைக்கே அலுத்திருக்கும்.

இன்னொன்று, பாம்பன் கடலில் பாசி எடுக்கும் பெண்கள். இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார்கள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி, விரலுக்கு விரல் சுற்றிய கிழிதுணி. எடுத்தவர் நல்ல கைகாரர், வெயிலைச் சரியாகப் பிடித்திருக்கிறார். கீழே என்ன எழுதியிருக்கிறது? 'பாசி சேகரிக்கும் பணியில் மும்முரமாக ஈடுபட்டுள்ள பெண்கள்.' அவர்கள் பெண்கள் என்பதும், பாசி எடுக்கிறார்கள் என்பதும், சும்மா நிற்கவில்லை என்பதும் படத்திலேயே தெரிகிறதே ஐயா. எத்தனை மணிக்குத் தண்ணீரில் இறங்கினார்கள், அன்றைக்குப் பாசி கிலோ என்ன விலைக்குப் போனது, அந்த விலையை வைத்தது யார்? இதில் ஒன்றையாவது போட்டிருந்தால் நான் படத்தை மறுபடி ஒருமுறை பார்த்திருப்பேன். மரிக்கொழுந்துப் பாசி பாறையைப் பிடித்துக்கொண்டு வளர்வது. அதைப் பிய்க்கும்போது விரல் கிழியாமல் இருக்கத்தான் அந்தத் துணி. விலையைப் படித்துவிட்டுப் பார்க்கிறவனுக்கு அந்த விரல்தான் முதலில் கண்ணில் படும்.

படம் சொல்லிவிட்டதை எழுத்து திரும்பச் சொன்னால் எழுத்துக்குச் செலவழித்த பெயின்ட் தண்டம். எழுத்து சொல்லிவிட்டதைப் படம் காட்டினால் படத்துக்கான பெயின்ட் தண்டம். இரண்டு மாட்டையும் நுகத்தடியின் ஒரே பக்கம் கட்டினால் வண்டி எப்படி ஓடும்? சமூகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று சுவரையோ காகிதத்தையோ எடுக்கிற கலைஞன், பாதியைப் படத்தில் வைப்பான், மீதியை எழுத்தில் வைப்பான். இரண்டையும் சேர்ப்பது பார்க்கிறவனின் வேலை. அவனே சேர்த்துக்கொண்டதால்தான் அவனுக்குக் கோபமோ சிரிப்போ வெட்கமோ வருகிறது.

உங்கள் பத்திரிகை உலகத்திலேயே இதற்குப் பெரிய சாட்சி இருக்கிறது. 1987 மார்ச் மாதக் கடைசியில் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக் வந்தது. அப்போது நான் தொழில் பழகிக்கொண்டிருந்த பையன், முடிவெட்டும் கடையில் பார்த்தேன். பொதுக்கூட்ட மேடை, அதில் ஆட்கள். கூட்டத்தில் ஒருவர் இன்னொருவரிடம் இவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று கேட்கிறார். ஜேப்படித் திருடன் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரன் மாதிரி இருப்பவர் மந்திரி என்று பதில் வருகிறது. அதற்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை கொடுத்தது. நாடு முழுக்கச் சத்தம் கிளம்பியதும் சில நாளில் விட்டுவிட்டார்கள். அவர் அதோடு விடவில்லை, வழக்குப் போட்டார். பின்னால் உயர் நீதிமன்றம் கொடுக்கச் சொன்ன 1,000 ரூபாய் நஷ்டஈட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவைத்தார்.

வசனத்தை மறைத்துவிட்டு அந்த அட்டையைப் பாருங்கள். மேடையும் மைக்கும் ஆட்களும், தினம் பார்க்கிற காட்சி. கோபப்பட அதில் என்ன இருக்கிறது? வசனத்தைப் படித்துவிட்டு மேடையைத் திரும்பிப் பார்த்தால்தான் கை தன்னால் சட்டைப் பைக்குப் போகும். சட்டமன்றத்துக்கு வலித்தது, நாம் அப்படித் திரும்பிப் பார்த்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அதற்கும் முன்னால் போனால் பாரதியார். 1906-இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வாரப் பத்திரிகையில் அவர் கருத்துப்படம் போட்டார். தமிழ்ப் பத்திரிகைகளில் அரசியல் கருத்துப்படத்துக்கு அதுதான் தொடக்கம் என்கிறார்கள். சிவப்புத் தாளில் வந்த பத்திரிகை. பாட்டெழுதத் தெரிந்த மனிதர், படிக்கத் தெரியாதவனுக்கும் சேதி போக வேண்டும் என்று படத்தைத் தேடிப் போனார் பாருங்கள். வெள்ளைக்காரன் நெருக்கடி தாங்காமல் 1908-இல் பத்திரிகை புதுச்சேரிக்குப் போனது.

நம் மாவட்டத்திலேயே, கார் எடுத்தால் ஒன்றேகால் மணி நேரத்தில், ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசம் இருக்கிறது. தனுஷ்கோடி வரை வண்டி வண்டியாய் வருகிற சுற்றுலாக் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்காவது அங்கே இறங்கினால் நன்றாக இருக்கும். சுவர், தூண், மேற்கூரை எங்கும் ஓவியம். முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தில், 1710-க்கும் 1725-க்கும் இடையில் தீட்டியது. ராமாயணம், பாகவதம், தஞ்சை மராட்டியரோடு நடந்த சண்டை, ஐரோப்பியரை மன்னர் வரவேற்கிற காட்சி. பல காட்சிகளோடு தமிழில் எழுத்தும் உண்டு. நான் போகும்போதெல்லாம் படத்தைவிட அந்த எழுத்தைத்தான் நேரம் எடுத்துப் பார்ப்பேன். கை நடுக்கமில்லாத எழுத்து. எழுதினவன் என் தொழில்காரன், அவன் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் கூலி கொடுத்தவர் மன்னர். ஆகையால் எழுத்து மன்னருக்குக் கட்டியம் கூறுகிறது. இவர் இன்னார், இது இன்ன காட்சி என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும், எதிர்த்து எதுவும் கேட்காது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் அதைத்தானே செய்தேன். காலையில் ஒரு கட்சிச் சின்னம், சாயங்காலம் எதிர்க்கட்சிச் சின்னம், இரண்டுக்கும் அதே பிரஷ். மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டால் போதும். தேர்தலுக்கு ஒரு வருஷம் இருக்கும்போதே சுவரில் கட்சிப் பெயரையும் வருஷத்தையும் கிறுக்கி 'ரிசர்வ்' செய்துவிடுவார்கள். வீட்டுக்காரரைக் கேட்கிற வழக்கமெல்லாம் கிடையாது. பொது இடங்களைக் கெடுப்பதைத் தடுக்க 1959-லிருந்தே சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தைப் பற்றிய அறிவிப்பு போர்டையும் நான்தான் எழுதினேன்.

ஃபிளெக்ஸைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், வயிற்றெரிச்சல் என்பார்கள். ஒன்று மட்டும். ஃபிளெக்ஸில் முகம் பெருத்துப் பெருத்து எழுத்துக்கு இடமில்லாமல் போய்விட்டது. வாழ்த்துகிறவர், வாழ்த்தப்படுகிறவர், அவருக்குத் தலைவர், தலைவருக்குத் தலைவர், ஓரத்தில் வரிசையாய் அஞ்சல்தலை அளவில் தம்பிமார்கள். 2019 செப்டம்பரில் சென்னையில் ஒரு பேனர் சரிந்து இளம்பெண் ஒருவர் உயிர் போன பிறகு கொஞ்ச நாள் அடங்கியிருந்தார்கள். இப்போது பழையபடி.

இனி எங்கள் ஊர்ச் சுவர் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன்.

சில வருஷம் முன்பு, இலங்கைக் கடற்படை பிடித்துப்போன ஆட்களையும் படகுகளையும் மீட்கச் சொல்லி விசைப்படகுக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆட்கள் வந்துசேர்ந்தார்கள், படகுகள் வரவில்லை. மீன் இறங்குகிற இடத்துக்குப் போகும் வழியில் ஒரு வீட்டுச் சுவர். வீட்டுக்காரர் சம்மதித்தார். இளவட்டப் பிள்ளைகள் வந்து, "அண்ணே, பெருசா ஒண்ணு போட்டுக் குடுங்க" என்றார்கள். என்ன போட வேண்டும் என்பதையும் அவர்களே சொன்னார்கள். நடுவில் எங்கள் படகு, பக்கத்தில் கடற்படைக் கப்பல், துப்பாக்கி, கடல் முழுக்க ரத்தம், மேலே 'மத்திய அரசே! மாநில அரசே!'

சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் சுவரில் உப்பு பூக்கும். நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, காயவைத்து, பிரைமர் அடிக்காமல் எதை எழுதினாலும் ஒரு வாடைக் காற்றுக்கு உரிந்துவிடும். எதிர் வீட்டு நிழலில் ஓர் ஆத்தா நெத்திலி ஆய்ந்துகொண்டு இருந்தது. அது மகன் படகும் போன படகுகளில் ஒன்று. பிள்ளைகள் பேசியதையெல்லாம் கேட்டுவிட்டு, தலையைத் தூக்காமலே சொன்னது:

"ஏப்பா, எம் மவன் வந்துட்டான். படகு வரல. படகு அங்க கெடக்கு, வட்டி இங்க கெடக்கு. அத எழுது."

பிள்ளைகளுக்கு அது சப்பென்று இருந்தது. எனக்கு வேலை முடிந்துவிட்டது என்று தெரிந்தது. கப்பல், துப்பாக்கி, ரத்தம் எதையும் போடவில்லை. ஒரே ஒரு படகு. காரைநகர்ப் பக்கம் கட்டிக்கிடந்த படகுகளை, திரும்பி வந்தவர் ஒருவர் செல்போனில் காட்டினார். அதில் ஒன்று ஒருக்களித்து, பாதி தண்ணீரில், பலகை பிளந்து கிடந்தது. அதை அப்படியே கட்டம் போட்டுச் சுவரளவுக்குப் பெரிதாக்கினேன். 'படகு அங்கே' என்பதை இடது பக்கம் உயரத்தில், எட்டாத இடத்தில் எழுதினேன். 'வட்டி இங்கே' என்பதை வலது பக்கம், முழங்கால் உயரத்தில், நடக்கிறவர் காலடிக்குப் பக்கத்தில். இரண்டும் ஒரே அளவு எழுத்து, கறுப்பு, ஷேடு கிடையாது, அவுட்லைன் கிடையாது. முற்றுப்புள்ளி மட்டும் வைத்தேன். ஆச்சரியக்குறி போடச் சொல்லிக் கடைசி வரை கெஞ்சினார்கள்.

படகில் பதிவு எண் எழுத வேண்டுமே. எங்கள் படகுகளுக்கு ஐஎன்டி, டிஎன் 10, எம்எம் என்று தொடங்கும். அதுவரை எழுதிவிட்டு, கடைசி இலக்கங்களை எழுதாமல் விட்டேன். யாருடைய படகாகவும் இருக்கட்டும் என்று. அந்த வாரமே ஒருவர் சாக்பீஸால் தன் படகு நம்பரை அந்த இடத்தில் எழுதிவிட்டுப் போனார். அதை அழித்துவிட்டு இன்னொருவர் தன்னுடையதை எழுதினார். நான் கூலிக்கு எழுதிய எத்தனையோ சுவரில் ஊர்க்காரன் வந்து கையெழுத்துப் போட்டது இது ஒன்றில்தான்.

அதோடு முடியவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் போய்ப் பார்த்தால், 'வட்டி இங்கே' என்பதற்குக் கீழே யாரோ கரித்துண்டால் எழுதியிருந்தார்கள்: 'அங்கே அறுந்த வலைக்கு?'

ஊரே அதைப் பார்த்துக் கொதித்தது. துரோகி என்றார்கள், நாட்டுப்படகுக்காரன் வேலை என்றார்கள், உடனே அழிக்கச் சொன்னார்கள். நான் தொடவில்லை. கரியை அழிக்க ஈரத்துணி போதும், யார் வேண்டுமானாலும் அழித்திருக்கலாம். பேசினவர்கள் யாரும் அழிக்கவில்லை. ஏனென்றால் அது பொய்யில்லை. எங்கள் விசைப்படகுகள் இழுத்துப்போகிற இழுவைமடி வலை, போகும் வழியில் அடிக்கடலை வழித்துக்கொண்டு போகும். வடக்கு இலங்கையில் வலை விரித்துவிட்டுக் காத்திருப்பவனும் தமிழ் பேசுகிற மீனவன்தான். 2009-இல் சண்டை ஓய்ந்த பிறகுதான் அவன் மறுபடி கடலுக்கு வந்தான். அவனும் கடன் வாங்கித்தான் வலை வாங்குகிறான். 2017-இல் இலங்கை இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. கச்சத்தீவு, 1974 ஒப்பந்தம், எல்லைக்கோடு என்று மணிக்கணக்காய்ப் பேசுகிற எங்கள் டீக்கடையில், அறுந்த வலையைப் பற்றிப் பேச்செடுக்க ஆளில்லாமல் இருந்தது. அந்த மூன்று வார்த்தை வந்த பிறகு ஒரு வாரம் அதைப் பற்றித்தான் பேச்சு. நான் போட்ட படம் அப்படியே இருந்தது, ஒரு கோடு மாறவில்லை. ஆனால் கீழே ஒரு வரி கூடியதும் அது வேறு படமாகிவிட்டது. அதுவரை எங்கள் படகாகத் தெரிந்தது, அதன்பின் வலையை அறுத்த படகாகவும் தெரிந்தது.

எழுதினவர் யாரென்று கடைசி வரை தெரியவில்லை. அவரைத்தான் நான் எங்கள் ஊர்க் கலைஞர் என்பேன்.

என் மகள் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவள். இந்தச் சுவரைப் பார்த்துவிட்டு, "அப்பா, ஒலகத்துல பெரிய பெரிய ஆளுக இதத்தான் பண்ணியிருக்காங்க" என்று புத்தகங்களைக் கொண்டுவந்து காட்டினாள். அதிலிருந்து சிலதைச் சொல்கிறேன், ஏனென்றால் சுவர் ஓவியத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் உங்கள் பத்திரிகையைப் படிக்கக்கூடும்.

அமெரிக்காவில் பார்பரா குரூகர் என்று ஓர் அம்மா. தொடக்கத்தில் பெண்கள் பத்திரிகையில் பக்கம் வடிவமைக்கிற வேலை பார்த்தவர், ஆக அவரும் கூலிக்கு எழுத்து வைத்தவர்தான். கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்றை எடுப்பார், அதன் மேல் சிவப்புப் பட்டை ஓட்டி, வெள்ளையில் தடித்த சாய்வெழுத்து வைப்பார். விளம்பரம் மாதிரியே இருக்கும். விளம்பரம் என்று நினைத்துப் படித்தால் அது நம்மையே கேள்வி கேட்கும். 1989-இல் வாஷிங்டனில் கருக்கலைப்பு உரிமைக்காகப் பெண்கள் திரண்ட பேரணிக்கு அவர் செய்த சுவரொட்டியில் ஒரு பெண் முகம். நட்டநடுவே பிளந்து, ஒரு பாதி சாதாரணப் புகைப்படம், மறுபாதி நெகட்டிவ். உன் உடல் ஒரு போர்க்களம் என்பது வாசகம். சண்டையின் படம் எதுவும் இல்லை, நேராகப் பார்க்கிற ஒரு முகம் மட்டும். அந்தச் சிவப்பும் வெள்ளையும் நம் ஊர் வைத்தியர் போர்டில் நான் வைக்கிற நிறம்தான். தூரத்திலிருந்து பிடித்து இழுக்கும் என்பது எல்லா நாட்டு போர்டு ஆர்ட்டிஸ்டுக்கும் தெரியும் போலிருக்கிறது.

ஸ்பெயினில் கோயா. நெப்போலியன் படையெடுப்பு நடந்த காலத்துக் கொடுமைகளைச் செம்புத் தகட்டில் வரிசையாகப் பொறித்து, ஒவ்வொன்றின் கீழும் ஒரு சின்ன வரி எழுதினார். ஒன்றில் ஊர் ஜனங்கள் பிள்ளைகளோடு அலறி ஓடுகிறார்கள். கீழே 'இதை நான் கண்டேன்' என்று மட்டும். யார், எந்த ஊர், எதற்கு ஓடுகிறார்கள் என்று ஒரு சொல் கிடையாது. சாட்சிக்காரன் கூண்டில் ஏறிச் சொல்கிற மாதிரி அந்த ஒரு வரி. அவர் உயிரோடு இருந்தவரை அந்தத் தொகுப்பு வெளியே வரவில்லை. 1863-இல்தான் அச்சானது. அதற்குள் அவர் செத்து 35 வருஷம் ஆகியிருந்தது.

இவர்களையெல்லாம்விட எனக்கு நெருக்கமாகப் பட்டவர் வங்காளத்துச் சித்தப்ரசாத். 1943 பஞ்சத்தில் மிதினாப்பூர் மாவட்டத்தில் ஊர் ஊராகப் போய், பசியில் கிடந்தவர்களை மையால் வரைந்து, அவர்களைப் பற்றித் தானே எழுதவும் செய்தார். அதைப் புத்தகமாகப் போட்டதும் வெள்ளை அரசாங்கம் பிரதிகளைப் பிடுங்கிக் கொளுத்தியது. படமும் எழுத்தும் ஒரே கையிலிருந்து வந்தால் ஒன்றை வெட்டி ஒன்றை விட முடியாது. அதனால்தான் மொத்தமாகக் கொளுத்தினார்கள் என்பது என் அனுமானம்.

நம் பிள்ளைகளும் சளைத்தவர்கள் இல்லை. செல்போனில் வடிவேலு முகத்தை வைத்து அவர்கள் போடுகிற மீமில் பாதி குப்பைதான், மீதியில் சில சமயம் தலையங்கம் சொல்லாததும் இருக்கும். 2019 மே மாதம் நேசமணி தலையில் சுத்தியல் விழுந்ததை உலகமே விசாரித்ததே. அதே வருஷம் டிசம்பர் கடைசியில் சென்னை பெசன்ட் நகரில், குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்துக் கோலத்தோடு வாசகமும் எழுதியவர்களைப் போலீஸ் பிடித்துப் பிறகு விட்டது. அதற்கப்புறம் எத்தனையோ வாசலில் அந்தக் கோலம் வந்தது. கோலமாவுக்குப் பயந்த அரசாங்கம் எனாமலுக்குப் பயப்படாமல் இருக்குமா? ஆமையும் 'காப்போமும்' மட்டும் சுவருக்கு வருவதன் காரணம் எனக்குப் புரியாமல் இல்லை.

போன வருஷம் ஒரு சுவருக்கு என்னையும் கூப்பிட்டார்கள். யார் கூப்பிட்டார்கள் என்பது வேண்டாம். ஆவுளியா வரையச் சொன்னார்கள். கடல்பசு என்று பத்திரிகையில் எழுதுகிறீர்களே, அதுதான். சதுர அடிக்கு இவ்வளவு என்று படத்துக்குக் கூலி பேசினார்கள். வாசகத்துக்குக் கூலி கிடையாது, அது அவர்களிடம் ஏற்கெனவே லேமினேட் செய்த தாளில் இருந்தது. 'அரிய உயிரினம் கடல்பசுவைப் பாதுகாப்போம்.'

ஆவுளியாவின் மூக்கை வரைந்துகொண்டிருந்தேன். பாசிக்குப் போய்விட்டுக் கரையேறி வந்த பெண்கள் பின்னால் நின்று பார்த்தார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து தேசியப் பூங்கா. அவர்கள் பாட்டிமார்கள் போய்த் தங்கிப் பாசி எடுத்த தீவில் இன்றைக்கு இவர்கள் கால் வைத்தால் குற்றம். பையைப் பிடுங்கிக்கொண்டு விரட்டிய கதை ஆளுக்கு ஒன்று வைத்திருப்பார்கள். அதில் ஒரு தங்கச்சி கேட்டது:

"அண்ணே, ஆவுளியாவுக்கு ஆளாளுக்கு வந்து படம் போடுறீக. அதுக்குக் கீழ 'நாங்களும் இங்கதான் மேயுறோம்'னு எழுதுங்களேன்."

கூட நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் சுவர் ஓரத்து ஆடு எழுந்து ஓடியது. நான் அங்கேயே பிரஷ்ஷை வைத்துவிட்டேன். அதைவிட நல்ல வரியை யாரால் எழுத முடியும்? ஆவுளியாவும் கடலடிப் புல்லை மேய்கிறது, இவர்களும் கடலடிப் பாசியைப் பறிக்கிறார்கள். ஆவுளியாவைக் குறைத்துப் பேசவில்லை, அடித்துச் சாப்பிடுவோம் என்று சொல்லவில்லை, அதற்குப் பக்கத்தில் தங்களுக்கும் ஓர் இடம் கேட்கிறார்கள். படம் ஆவுளியாவாகவே இருக்கட்டும். கீழே 'நாங்களும்' என்று படிக்கிறவன், யாரந்த நாங்கள் என்று தேடித் திரும்பிப் பார்ப்பான், பின்னால் தலையில் சாக்கோடு இவர்கள் போய்க்கொண்டிருப்பார்கள். கூப்பிட்டவர்களிடம் கேட்டேன். வாசகம் மேலிடத்தில் ஒப்புதல் வாங்கியது, மாற்ற முடியாது என்றார்கள். லேமினேட் தாளில் இருந்ததையே எழுதிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு வந்தேன். இன்றைக்கும் அந்தச் சுவரைத் தாண்டுகிற யாரும் அதைப் படித்து நான் பார்த்ததில்லை. ஆவுளியா மட்டும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.

ஆகவே சுவருக்குப் பணம் கொடுக்கிறவர்களுக்கு உங்கள் மூலமாக ஒரு விண்ணப்பம். படத்தை நீங்களே முடிவு செய்யுங்கள், ஆமையோ பாலமோ கலாம் ஐயாவோ, எதுவாக இருந்தாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான். கீழே ஓர் அடி உயரத்துக்கு வெள்ளைப் பட்டையை மட்டும் ஊர்க்காரர்களுக்கு விடுங்கள். மீன் ஆய்கிற இடத்திலும் ஏலக் கூடத்திலும் பாசி காய்கிற மணலிலும் இரண்டு நாள் உட்கார்ந்தால் வாசகம் கிடைத்துவிடும். கிடைத்த வாசகத்துக்கு, சொன்னவர் கையில் கூலி கொடுங்கள். எனக்குச் சதுர அடிக்குக் கொடுப்பதில் பாதி கொடுத்தாலும் போதும். பட்டைக்குக் கீழே இன்னும் ஓர் அடி சும்மா விட்டுவைத்தால் நல்லது. பதில் எழுத யாருக்காவது இடம் வேண்டியிருக்கும்.

நீங்கள் கடிதப் பகுதிக்கு ஒதுக்குகிற இடத்தைவிட இது நீண்டுவிட்டது. வெட்டுங்கள், எனக்கு வருத்தமில்லை. ஃபிளெக்ஸ் பற்றிய பத்தியை முதலில் எடுத்துவிடலாம், ஸ்பெயின் கதையையும் எடுத்துவிடலாம். படகுச் சுவரைப் போடுவதாக இருந்தால் மட்டும் கரித்துண்டில் எழுதிய அந்த வரியையும் சேர்த்துப் போடுங்கள். அது இல்லாமல் போடுவதாக இருந்தால் கடிதமே வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு போர்டு ஆர்ட்டிஸ்ட்,
தங்கச்சிமடம்.